பாதியில் விட்ட ஆராய்ச்சியை மறுபடியும் தொடலாம்!



நம்ம நெய்க்காரப்பட்டிப் பக்கம் எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த மகளோ மருமகளோ இல்லாத தெரு இன்று குறைவு. அவர்களில் சிலர் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கே பதிவு செய்தவர்கள். கல்யாணம், பிரசவம், மாமியாருக்கு வைத்தியம் என்று பாதியில் நின்றுபோனது. கேட்டால், "இனிமே என்னத்தப் படிச்சு என்னக்கா ஆகப் போகுது?" என்கிறார்கள். குழுக்கடன் வாங்கிப் படிக்க வைத்த படிப்பு பெட்டிக்குள்ளே கிடக்கலாமா? திரும்பப் போக வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்வோம்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிப்படி, முனைவர் பட்டத்தை 6 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம் சலுகை உண்டு. ஆக மொத்தம் 10 வருஷம். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். பகுதி நேரமாகப் படிக்கவும் இடம் உண்டு.

கல்யாணமாகி வேறு ஊர் போனால்? செய்த ஆய்வுத் தகவல்களை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆய்வு, பழைய நிறுவனம் நிதி வாங்கி நடத்தும் திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. 2022-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய விதி பொருந்தும். அவர்கள் பல்கலைக்கழகத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

உதவித்தொகை உண்டா?

அறிவியல் படித்து இடையில் விட்ட பெண்களுக்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-ல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அது 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் நடக்கிறது. முனைவர் பட்டம் படிக்க ஒரு பிரிவு, பட்டம் பெற்றவர்கள் ஆய்வைத் தொடர ஒரு பிரிவு. வயதும் தகுதியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

முடியுமா?

முடித்தவர்கள் இருக்கிறார்கள். கணித அறிஞர் மங்களா நார்லிகர் கல்யாணம், குடும்பம், குழந்தைகள் என்று இருந்து, திரும்பவும் ஆய்வுக்குப் போய் 1981-ல் முனைவர் பட்டம் வாங்கினார். நம்ம மாவட்டத்தில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். 1904-ல் பிறந்த அவர் மருத்துவப் பட்டம் பெற்றது 1936-ல். அவர் தொடங்கிய காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொடைக்கானலில் 1984-ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் நம்ம மாவட்டம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

1. முதலில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள்.

2. நெறியாளரை நேரில் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். அவர் ஓய்வு பெற்றிருந்தால் வேறு நெறியாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

3. இப்போது படிப்பவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். விடுப்புக் கடிதம் கொடுத்து நகல் வாங்கி வையுங்கள்.

4. பழைய குறிப்பேடுகளை எடுத்து தினம் ஒரு மணி நேரம் படியுங்கள். விட்ட காலத்தில் உங்கள் துறையில் என்ன புதிதாக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

5. "பணம் கொடுத்தால் ஆய்வேடு எழுதித் தருகிறோம்" என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பிடிபட்டால் பட்டமே போய்விடும்.

வீட்டார் கவனத்துக்கு

ஆராய்ச்சிக்குப் பணத்தைவிட நேரம்தான் அதிகம் தேவை. வாரத்தில் இரண்டு நாள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாமியார் முன்வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மாடு வாங்கவும் கடை வைக்கவும் கடன் தருகிற நாம், படிப்பை முடிக்கக் கட்டணம் கட்டவும் தரலாமே! அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் தெருவில் படிப்பைப் பாதியில் விட்டவள் யார் என்று விசாரியுங்கள். கெடு முடிவதற்குள் அவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வையுங்கள்.