வான்கோழிக் குஞ்சின் வாதனாளியைத் தாக்கும் பற்றீரியா

மாணவர்களே, வாதனாளியின் உட்பக்கத்தில் பிசிர் கொண்ட மேலணிக் கலங்கள் உள்ளன என்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். "பிசிர்களின் தொழில் யாது?" என வினவினால், பலர் "தூசை அகற்றல்" என இரு சொற்களில் விடையை முடித்துவிடுவர். அத்தொழில் நின்றுபோனால் என்ன நிகழும்? வான்கோழிகளைத் தாக்கும் ஒரு நோய் இதனை நன்கு விளக்குகிறது.

இந்நோய்க்குக் காரணம் போடெட்டெல்லா ஏவியம் என்னும் பற்றீரியா ஆகும். இது கோலுருவானது, கிராம் எதிரானது, ஒட்சிசன் இன்றி வளராதது. மனிதரில் குக்கலை ஏற்படுத்தும் போடெட்டெல்லா பெற்றூசிசு இதே சாதியைச் சேர்ந்தது. குக்கல் பற்றீரியாவை 1906 இல் வேறாக்கிய இருவருள் ஒருவரான ஜூல் போடே என்பவரின் பெயரே சாதிப் பெயராயிற்று. 'ஏவியம்' என்பது 'பறவைகளுக்குரிய' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கனடாவின் வான்கோழிகளில் இத்தகைய தொற்று 1967 இல் விபரிக்கப்பட்டது. எனினும் இவ்வினப் பெயர் 1984 இலேயே இடப்பட்டது.

பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வார வயதுடைய குஞ்சுகளே பாதிக்கப்படுகின்றன. உடலினுள் புகுந்த பற்றீரியா குருதிக்குள் செல்வதில்லை. அது பிசிர்க் கலங்களில் ஒட்டிக்கொண்டு பெருகி, நச்சுப் பதார்த்தங்களைச் சுரக்கிறது. பிசிர்க் கலங்கள் இறந்து உதிர்கின்றன. மேல்நோக்கித் தள்ளப்படவேண்டிய சீதம் அங்கேயே தேங்குகிறது. வாதனாளியின் கசியிழைய வளையங்களும் மென்மையாகி அமுங்குகின்றன. குஞ்சு தும்முகிறது, கண்ணில் நுரை கட்டுகிறது, வாயைத் திறந்தபடி மூச்செடுக்கிறது, குரலும் மாறிவிடுகிறது.

இனிக் கவனமாக வாசியுங்கள். ஒரு மந்தையில் 80 முதல் 100 வீதமான குஞ்சுகளுக்கு நோய் தொற்றலாம். ஆனால் இப்பற்றீரியா மட்டும் இருப்பின் இறப்பு பொதுவாக 10 வீதத்திலும் குறைவே. பிசிர்களை இழந்த வாதனாளியினூடாக எசரீக்கியா கோலை போன்ற வேறு பற்றீரியாக்கள் நுழையும்போதுதான் இறப்பு 40 வீதத்தையும் தாண்டக்கூடும். முன்னையது முதலான தொற்று, பின்னையது துணைத் தொற்று. இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழக்கவேண்டாம். பண்ணையாளரும் இதே தவறைச் செய்யக்கூடும். இறந்த குஞ்சில் எசரீக்கியா கோலையை மட்டும் கண்டு அதற்கே மருந்து கொடுத்தால், கதவைத் திறந்துவிட்ட பற்றீரியா மந்தையில் எஞ்சிவிடும்.

கோழிகளிலும் இப்பற்றீரியா காணப்படுகிறது. ஆனால், அவற்றில் நோய் பெரும்பாலும் வேறு தொற்றுகளுடன் சேர்ந்தே தோன்றும்.

நோயுற்ற குஞ்சைத் தொடுவதாலும், மாசுற்ற குடிநீராலும் கூளத்தாலும் இது பரவும். ஈரலிப்பான கூளத்தில் மாதக்கணக்கில் உயிர்வாழும். ஆகவே தொற்றுநீக்கி இட்டுக் கூட்டைச் சுத்தப்படுத்துவதும், கூளத்தை உலர்வாக வைத்திருப்பதும், பயனளிக்காத மருந்துகளுக்குச் செலவிடுவதிலும் மேலானவை. மேலணியின் மேற்பரப்பிலேயே பற்றீரியா தங்கியிருப்பதால், நுண்ணுயிர்க்கொல்லிகள் பெரும் பயன் தருவதில்லை.

உயிருள்ள, நலிவாக்கப்பட்ட தடுப்புமருந்து ஒன்றும் உண்டு. ஆனால் மூன்று வாரத்திற்குக் குறைந்த குஞ்சுகளில் அதன் பயன் குறைவு. இதனால் முட்டையிடும் தாய்ப்பேடுகளுக்கே தடுப்புமருந்து ஏற்றப்படுவதுண்டு. அவற்றின் பிறபொருளெதிரிகள் முட்டை வழியே குஞ்சுக்குக் கிடைக்கின்றன. குஞ்சு பெறும் இந்த நிர்ப்பீடனம் உயிர்ப்பானதா, உயிர்ப்பற்றதா? சில வாரங்களில் அது ஏன் குறைகிறது? விடையை உங்கள் கொப்பியில் எழுதிப் பாருங்கள்.