மாசி வரும் தீவுகளும் ஒன்றரைப் பாகைக் கணக்கும்

சீனிச் சம்பலுக்கு மாசி இடிக்கும்போது அந்த மாசி எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிப்பதில்லை. மாலைதீவு மக்கள் சூரை மீனைப் பிடித்து, துண்டுபோட்டு அவித்து, புகையூட்டி, கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைத்து அனுப்புகிறார்கள். நூற்றாண்டுகளாக நடந்துவரும் வியாபாரம் இது. வைத்தியத்துக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கொழும்பில் வந்து தங்கும் மாலைதீவுக் குடும்பங்களை நம்மில் பலர் அறிவோம். பள்ளிவாசலில் நம் பக்கத்து ஸப்பில் நிற்பவர்கள். விமானத்தில் ஒன்றரை மணி நேரத் தூரத்து அயலவர்கள். அந்த அயலவரின் நாடு எஞ்சியிருக்குமா இல்லையா என்பது இன்று உலக மாநாடுகளில் பேரம் பேசப்படும் ஒரு விடயமாகிவிட்டது. அந்தப் பேரத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மாலைதீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருக்கின்றன. மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. மொத்த நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை. அதாவது, நம் இடுப்பளவு. மலை இல்லை, மேடு இல்லை, வெள்ளம் வந்தால் ஏறி நிற்க ஒரு குன்று இல்லை. தீவுகள் அனைத்தும் முருகைக்கற்பாறைகளின் மேல் உருவானவை.

1987 ஏப்ரலில் தலைநகர் மாலேயில் பெரும் அலைகள் புகுந்தன. உள்ளூரில் புயல் எதுவும் இல்லை. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் எங்கோ வீசிய புயல் கிளப்பிய அலைகள் அவை. கடலை நிரப்பி உருவாக்கியிருந்த நிலத்தில் ஒரு பகுதி அரித்துச் செல்லப்பட்டது. அந்த அலைகளுக்குப் பூமி சூடாவதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கடல் மட்டம் சற்று உயர்ந்தாலும் இத்தகைய அலைகள் என்ன செய்யும் என்பதை அந்நாட்டு மக்கள் கண்ணால் கண்டுகொண்டார்கள்.

அதே ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் எழுந்து பேசினார். காலியிலும் கொழும்பிலும் பாடசாலை சென்று, பின்னர் கெய்ரோவின் அல்அஸ்ஹரில் படித்து வந்தவர் அவர். தன் நாடு அழிவின் விளிம்பில் நிற்கிறது என்றும், அந்த அழிவுக்குத் தன் மக்கள் காரணமல்லர் என்றும் அவர் எடுத்துரைத்தார். பின்னாளில் ‘ஒரு தேசத்தின் மரணம்’ என்று பெயர்பெற்ற உரை அது. வெப்பமாதல் பற்றி விஞ்ஞானிகளுக்கு வெளியே அதிகம் பேசப்படாத காலம். சபையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் காது கொடுத்துக் கேட்டார்களோ, அல்லாஹ்வே அறிவான். 1989 நவம்பரில் அவர் சிறிய நாடுகளை மாலேக்கு அழைத்து ஒரு மாநாடு நடத்தினார். மறு ஆண்டு, சிறு தீவு நாடுகளின் கூட்டணி என்ற அமைப்பு உருவாயிற்று. தனித்தனியே நின்றால் யாரும் திரும்பிப் பார்க்காத நாடுகள் ஒரே குரலில் பேசத் தொடங்கியது அப்போதுதான். இன்று அதில் 39 அங்கத்தவர்கள் உள்ளனர்.

விடயத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி, மசகு எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியாகிறது. அது வளிமண்டலத்தில் தங்கி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை ஒரு கம்பளி போலத் தடுத்து வைக்கிறது. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இவ்வாயு, இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. கம்பளி தடிக்கத் தடிக்க உள்ளே சூடு ஏறும். சூடேறிய நீர் விரியும். பனிப்பாறைகள் உருகிக் கடலில் சேரும். கடல் உயர்வதற்கு இவை இரண்டுமே காரணங்கள். 1900ஆம் ஆண்டிலிருந்து கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து, இந்நூற்றாண்டு முடிவதற்குள் கால் மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை இது மேலும் உயரலாம் என்பது ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு தரும் மதிப்பீடு.

உலகம் ஆண்டுதோறும் எரிபொருள்களிலிருந்து வெளியேற்றும் காபனீரொட்சைட்டு சுமார் 3,700 கோடி டொன். இதில் மாலைதீவின் பங்கு நூற்றுக்கு ஒன்று அல்ல, ஆயிரத்துக்கு ஒன்றும் அல்ல. அதனிலும் மிகச் சிறியது.

முதல் பொது உடன்படிக்கை 1992 ஜூனில் பிரேசிலின் ரியோ நகரில் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்டது. எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அது ஒரே அளவானதல்ல என்பது அதன் சாரம். நல்ல கொள்கைதான், எவ்வளவு குறைப்பது என்ற எண் மட்டும் அதில் இல்லை. அந்த எண்ணை 1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் எழுதினார்கள். பணக்கார நாடுகள் 2008 முதல் 2012 வரையான காலத்தில், 1990இல் இருந்த அளவைவிடச் சராசரியாக நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கைச்சாத்துக்குத் திறந்த முதல் நாளிலேயே, 1998 மார்ச் 16இல், மாலைதீவு கையெழுத்திட்டது. கையெழுத்திட்ட அமெரிக்காவோ அதனைச் சட்டபூர்வமாக ஏற்கவில்லை. 2001இல் அடியோடு நிராகரித்தது. கனடா 2011இல் விலகியது. சீனா, இந்தியா போன்ற வளர்முக நாடுகளுக்கு அதில் எல்லையே விதிக்கப்படவில்லை. அவற்றின் புகைபோக்கிகளோ அந்த ஆண்டுகளில்தான் பெருகின. கியோட்டோ மெல்ல மங்கிப் போனது.

2009 ஒக்டோபர் 17இல் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். ஜனாதிபதி முஹம்மத் நஷீதும் அமைச்சர்களும் சுழியோடும் உடையணிந்து, கிரிஃபூஷி தீவருகே கடலின் அடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். கைச்சைகையால் பேசி, உலக நாடுகள் வாயு வெளியேற்றத்தைக் குறைக்கக் கோரும் பத்திரத்தில் நீருக்குள்ளேயே ஒப்பமிட்டார்கள். வேடிக்கை என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால், 22 ஆண்டுகளுக்கு முன்னர் ஐ.நா.வில் ஆற்றிய உரைக்குக் கிடைக்காத கவனம் இந்தப் படத்துக்குக் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

இரண்டு மாதங்களின் பின் கோபன்ஹேகன் மாநாடு கூடியது. வெப்ப உயர்வை 2 பாகைக்குள் நிறுத்தினால் போதும் என்பது பெரிய நாடுகளின் பேச்சு. 1.5 பாகை என்பது சிறு தீவுகளின் பிடிவாதம். அரைப் பாகைக்காகவா இத்தனை சண்டை என்று கேட்கத் தோன்றும். நமக்கு அரைப் பாகை காய்ச்சல் ஏறினால் ஒரு பனடோலுடன் போய்விடும். பூமியின் கணக்கு வேறு. ஐ.நா. விஞ்ஞானிகள் குழு 2018 ஒக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1.5 பாகையில் உலகின் முருகைக்கற்பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை அழியும். 2 பாகையில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்துவிடும் என்கிறது அது. முருகைக்கல்தான் மாலைதீவுக்கு அலையைத் தடுக்கும் மதில். மீன் குஞ்சு பொரிக்கும் இடம். மணலைத் தருவதும் அதுவே. பத்தில் ஒன்று எஞ்சினால் பின்னர் தழைக்க வழியுண்டு. நூறில் ஒன்றும் எஞ்சாவிட்டால்?

கோபன்ஹேகனில் 2 பாகைதான் எழுதப்பட்டது, 1.5ஐப் பின்னர் ஆராய்வதாகச் சொல்லிவைத்தார்கள். ஆறு ஆண்டுகள் சளைக்காமல் பேசி, 2015 டிசம்பர் 12இல் பாரிஸ் உடன்படிக்கையில் அந்த எண்ணைத் தீவுகள் பெற்றன. 2 பாகைக்கு நன்கு கீழே நிறுத்துவது, 1.5க்குள் நிறுத்த முயல்வது என்பது அதன் வாசகம். அப்போது கூட்டணியின் தலைமை மாலைதீவிடமே இருந்தது. ஆனால், பாரிஸில் ஒவ்வொரு நாடும் தானே தன் அளவைத் தீர்மானிக்கும். ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கும். சொன்னதைச் செய்யாவிட்டால் தண்டனை கிடையாது. கடன்காரனே தவணையை எழுதிக்கொள்வது போன்ற ஏற்பாடு என்பேன். வேறு விதமாக எழுதியிருந்தால் பலர் கையெழுத்திட்டிருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மை.

இங்கே நம் மனதை உறுத்தும் ஒரு விடயம் இருக்கிறது. 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் அந்த 1.5 பாகை அறிக்கையை ‘வரவேற்பதாக’த் தீர்மானம் எழுத வேண்டும் என்று மாலைதீவு முன்மொழிந்தது. ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்றால் போதும் என்று தடுத்தவை நான்கு நாடுகள்: அமெரிக்கா, ரஷ்யா, சவூதி அரேபியா, குவைத். ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் இரு சாரார் ஒரு சொல்லுக்காக எதிரெதிரே நின்றார்கள். ஒரு சாராருக்கு எண்ணெய் வாழ்வு. மறு சாராருக்கு அந்த எண்ணெய் எரிவதே ஆபத்து. நம் ஊர்களில் எத்தனை வீடுகள் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தில் கட்டப்பட்டவை, எத்தனை குமர்களுக்கு அந்தப் பணத்தில் நிக்காஹ் நடந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இதில் ஒரு பக்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போவது நமக்கு இலகுவல்ல. எனினும் தீங்கை அறிந்துகொள்ளவே மறுப்பதற்கு நியாயம் இல்லை. 2015 ஓகஸ்டில் இஸ்தான்பூலில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் தம் பிரகடனத்தில் எண்ணெய் வள நாடுகளைக் குறிப்பாக விளித்தே பேசினார்கள்.

அடுத்தது நஷ்டஈட்டுப் பிரச்சினை. அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தியவர் ஈடு செய்ய வேண்டும் என்பது ஃபிக்ஹ் கிதாபுகளில் நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கும் எளிய சட்டம். தீவு நாடுகள் 1991ஆம் ஆண்டிலேயே பசுபிக்கின் வனுவாட்டு மூலம் இதைக் கேட்டுவிட்டன: கடல் உயர்ந்து நாசம் ஏற்பட்டால், அதற்கு மாசு விளைவித்த நாடுகள் நிதி வைக்க வேண்டும். பதில் கிடைக்க 31 ஆண்டுகள் சென்றன. பாரிஸிலும்கூட, இழப்புப் பற்றிய பிரிவு நஷ்டஈடு கோருவதற்கு அடிப்படையாகாது என்று துணைத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தே அமெரிக்காவைச் சம்மதிக்க வைத்தார்கள்.

2022இல் பாகிஸ்தானில் பெருவெள்ளம். 3 கோடி 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வயலும் கால்நடையும் போயின. அதே ஆண்டு நவம்பரில் எகிப்தின் ஷர்முஷ் ஷெய்க் நகரில் மாநாடு கூடியபோது, வளர்முக நாடுகளின் அணிக்குப் பாகிஸ்தான் தலைமை வகித்தது. அதன் காலநிலை அமைச்சர் ஷெரி ரஹ்மான் என்ற பெண்மணி. நாங்கள் கேட்பது பிச்சை அல்ல, நீதி என்ற நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. கடைசி நேரத்தில் பணக்கார நாடுகள் இணங்கி, இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் பிறந்தது. சகோதரிகளே, இந்தப் பெண்மணியின் பெயரை உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மறு ஆண்டு துபாயில் நிதியம் செயலுக்கு வந்தது. வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டொலர். பாகிஸ்தானின் அந்த ஒரு வெள்ளத்தின் சேதமும் இழப்பும் 3,000 கோடி டொலர் என்று உலக வங்கி பங்கெடுத்த கணிப்பீடு கூறுகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

துபாய் மாநாட்டின் முடிவும் சொல்லத்தக்கது. எரிபொருள்களை விட்டு விலகிச் செல்வது என்ற வாசகம் 2023 டிசம்பரில்தான் முதன்முதலாகத் தீர்மானத்தில் ஏறியது. தலைவர் சுத்தியலைத் தட்டினார், மண்டபம் கைதட்டியது. சிறு தீவுகளின் பிரதிநிதிகள் அப்போது மண்டபத்திலேயே இல்லை. தமக்குள் ஆலோசித்துவிட்டு உள்ளே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சமோவா நாட்டின் ஆன் ரஸ்முசன் எழுந்து, நாங்கள் வருமுன்பே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று அமைதியாகச் சொன்னார். அவருக்கும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

மாலைதீவும் குறையற்றதல்ல. 2020க்குள் காபனீரொட்சைட்டுச் சமநிலையை அடைவோம் என்று 2009இல் அறிவித்தது, நடக்கவில்லை. மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் டீசலில்தான். உல்லாசப் பயணிகள் விமானத்தில் வந்தால்தான் திறைசேரியில் பணம். மாலேயைச் சுற்றி ஜப்பானின் உதவியுடன் கட்டிய கொங்கிரீட் அலைதடுப்பு 2004 சுனாமியில் நகரைக் காத்தது. மாலேயின் பக்கத்தில் கடலை நிரப்பி, ஏனைய தீவுகளைவிட உயரமாக ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவையும் எழுப்பியிருக்கிறார்கள். இப்படி நிரப்பும் வேலைகளில் உயிருள்ள முருகைக்கல்லும் புதைந்துபோகிறது. தற்காத்துக்கொள்வதற்காக அரணையே இடிக்கும் நிலை இது. ஆனால் வீடு தேடும் குடும்பத்துக்கு வேறு என்ன வழி காட்டுவது?

2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகையைத் தாண்டிய முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. பாரிஸ் எல்லை ஒரே ஆண்டைக் கொண்டு அளக்கப்படுவதல்ல. பல ஆண்டுச் சராசரியைக் கொண்டது. எனவே கதவு மூடிவிட்டது என்று சொல்ல முடியாது. அதே ஆண்டு பாக்கு நகரில் வளர்முக நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டொலர் தேவை என்றன. 2035க்குள் 30,000 கோடி என்ற வாக்குறுதி கிடைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா இரண்டாவது முறையாகப் பாரிஸிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

அதே 2025இல், ஜூலை 23ஆம் திகதி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தன் கருத்துரையை வெளியிட்டது. பசுபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் 2019இல் வகுப்பறையில் தொடங்கிவைத்த கோரிக்கை, வனுவாட்டின் முயற்சியால் அங்கே வந்து சேர்ந்தது. காலநிலையைப் பாதுகாப்பது அரசுகளின் சட்டக் கடமை. அதை மீறினால் நஷ்டஈடு செலுத்த வேண்டிய நிலையும் எழலாம் என்று நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினார்கள். இது கட்டாயப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆயினும் நீதிமன்றப் படியேறும் எந்தத் தீவுக்கும் இனி கையில் ஒரு கடதாசி இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாடு, எரிபொருள் என்ற சொல்லைத் தன் இறுதித் தீர்மானத்தில் எழுதாமலே கலைந்தது. 2026இன் மாநாட்டைத் துருக்கியின் அந்தாலியாவில் நடத்துவதென்றும், அதற்குரிய ஆயத்தக் கூட்டத்தைப் பசுபிக் பிரதேசத்தில் கூட்டுவதென்றும் அங்கே முடிவாயிற்று.