மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சி!

செம்புக் கம்பியும் நாலு இறகு இழையும் கொண்டு ஓர் ஆற்றுக் காவலர் செய்த அதிசயம்

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புழுவே இல்லாமல், வெறும் இறகையும் நூலையும் காட்டி மீன் பிடிக்க முடியுமா?

முடியும்! இங்கிலாந்து ஆறுகளில் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

சிறிய தூண்டில் முள் ஒன்றை எடுத்துக் கொள்வார்கள். அதன் மீது சேவல் இறகு, மயில் இறகு, பட்டு நூல், கம்பளி நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் அசல் பூச்சி போலவே இருக்கும். அதுதான் பொய்ப் பூச்சி.

இது புதிய வித்தை அல்ல. மாசிடோனியா நாட்டு மக்கள் சிவப்புக் கம்பளியையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததாக, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு மீன்கள்

இந்தப் பொய்ப் பூச்சிக்கு ஏமாறும் மீன்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ட்ரவுட். மற்றொன்று கிரேலிங்.

இரண்டும் குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழ்பவை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் நீலகிரி மலை ஓடைகளிலும் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். கிரேலிங் மீனுக்கு முதுகில் பாய்மரம் போலப் பெரிய துடுப்பு உண்டு.

இரண்டுக்கும் கண் கூர்மை. சந்தேகம் வந்தால் வாயைத் திறக்காது!

ஒரு நாள் வாழ்வு

இவை விரும்பித் தின்னும் பூச்சி ஒன்று இருக்கிறது. அது ஈசல் அல்ல. ஆனால் ஈசலைப் போலவே கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். ஒரு நாள், மிஞ்சினால் சில நாள் பறக்கும். நீரில் முட்டையிடும். செத்துப் போகும்.

அதற்கு முன்பு அது எங்கே இருந்தது? தண்ணீருக்குள்! மாதக் கணக்காக, சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும், இறக்கை முளைக்காத இளம்பூச்சியாக ஆற்றின் அடியில் வாழ்ந்திருக்கும். பருவம் வந்ததும் மேலே நீந்தி வந்து, தோலை உரித்துவிட்டுப் பறக்கும்.

மீனுக்கு இரை எது? பறக்கும் பூச்சியா, நீருக்குள் இருக்கும் இளம்பூச்சியா? இதைப் பற்றித்தான் இங்கிலாந்தில் பெரிய சண்டை மூண்டது.

மிதப்பதா? மூழ்குவதா?

பிரெடரிக் ஹால்போர்டு என்பவர் 1886-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். நீரின் மேல் மிதக்கும் பொய்ப் பூச்சிகளைக் கட்டுவது பற்றிய புத்தகம் அது. "மிதக்கும் பூச்சியைப் போட்டுப் பிடிப்பதே மரியாதை" என்ற எண்ணம் பணக்கார மீன்பிடி சங்கங்களில் வேரூன்றியது. பல இடங்களில் அதுவே விதியாகவும் ஆகிவிட்டது.

ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்தார். "மீன் பெரும்பாலும் நீருக்குள்தானே தின்கிறது? அங்கேயே பொய்ப் பூச்சியைக் காட்டினால் என்ன தவறு?" என்பது அவர் கட்சி. 1938-ல் லண்டனில் இதற்காகவே ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. அதில் ஸ்கூஸ் பக்கம் பேசியவர்கள் சிலரே.

ஆனால், அவர் கட்சிக்குப் பலம் சேர்க்க ஓர் ஆற்றுக் காவலர் இருந்தார்.

ஆற்றங்கரையில் படித்த பாடம்

அவர் பெயர் பிராங்க் சாயர். 1906-ல் பிறந்தவர். வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஏவன் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். ராணுவ அதிகாரிகளின் மீன்பிடி சங்கம் ஒன்று அந்த ஆற்றில் அவரைக் காவலராக வைத்திருந்தது.

பாசியை வெட்டுவது, சேற்றை அகற்றுவது, திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களை விரட்டுவது - இவை அவர் வேலை. மீன் பிடிப்பவர்கள் அதிகாரிகள். ஆற்றைக் காப்பவர் அவர். ஆகவே, ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆண்டுக்கணக்கில் பார்த்தார்.

ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக் கொள்கிறது. கால் வெளியே தெரிவதே இல்லை!

அதுவரை பொய்ப் பூச்சி கட்டியவர்கள், காலுக்காக என்று இறகை விரித்துக் கட்டி வந்தார்கள். "காலே வேண்டாம்" என்று முடிவு செய்தார் சாயர்.

கட்டுவது எப்படி?

அவர் கட்டிய பூச்சிக்கு வேண்டிய பொருள்கள் மூன்றே. ஒரு முள். தலைமயிரை விடச் சற்றே தடித்த செம்புக் கம்பி. ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகிலிருந்து நாலு இழை. நூல்கூடக் கிடையாது!

முதலில் முள்ளின் மீது கம்பியைச் சுற்ற வேண்டும். மார்பு வரும் இடத்தில் கூடுதலாகச் சுற்றி மேடாக்க வேண்டும். பிறகு நாலு இழைகளையும் வால் பக்கத்தில் வைத்துக் கட்ட வேண்டும். இழைகளின் நுனி வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அதுதான் பூச்சியின் வால்.

மீதி இழையைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, முன் பக்கம் வரை சுற்றினால் உடல் ஆயிற்று. கடைசியில் இழையை மட்டும் பிரித்து, மார்பு மேட்டின் மீது முன்னும் பின்னுமாக மடித்து, கம்பியால் இறுக்க வேண்டும். முளைக்கப் போகும் இறக்கை அங்கே புடைத்திருப்பது போலத் தெரியும்.

செம்புக் கம்பி நூலாகவும் உதவுகிறது, எடையாகவும் உதவுகிறது. அதனால் பூச்சி உடனே மூழ்கும். மீனின் அருகே வந்ததும் கழியை மெல்ல உயர்த்த வேண்டும். பூச்சி மேலே எழும்பும். இரை தப்பி ஓடுகிறது என்று எண்ணி மீன் கவ்விவிடும்!

கிழிசல் தைக்கும் நூல்

கிரேலிங் மீனுக்கு அவர் வேறொன்று கட்டினார்.

அந்தக் காலத்தில், ட்ரவுட் மீனின் இரையைப் பங்கு போடும் விரோதி என்று கிரேலிங்கைக் கருதினார்கள். அதைக் குறைப்பதும் காவலரின் வேலை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது காலுறைக் கிழிசல் தைக்கும் கம்பளி நூல்! 'சாட்விக்' கம்பெனியின் 477-ம் எண் நூல் அது. நனைந்தால் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும். செம்புக் கம்பியின் மேல் அதைச் சுற்றினார். நீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிர் என்று நம்பி கிரேலிங் ஏமாந்தது.

அந்த நூலின் உற்பத்தி பின்னாளில் நின்றுபோனது. அப்போதுதான் அதற்கு மவுசு வந்தது! மிஞ்சிய நூல் அட்டைகளைத் தேடிப் பிடித்து, அதிக விலை கொடுத்து வாங்கினார்கள் மீன் பிடிப்பவர்கள்.

பேனா பிடித்த காவலர்

"நீர் கண்டதை எழுதும்" என்று சாயரை ஊக்கியவர்களில் முதியவர் ஸ்கூசும் ஒருவர். சாயர் எழுதிய முதல் புத்தகம் 1952-ல் வெளிவந்தது. இளம்பூச்சியையும் ட்ரவுட்டையும் பற்றிய புத்தகம் 1958-ல் வந்தது. அதிகாரிகளுக்காக ஆறு காத்தவரிடம், பல நாட்டு மீன் பிடிப்பவர்கள் பாடம் கேட்டார்கள். அவரும் மனைவி மார்கரெட்டும் பூச்சிகளைக் கட்டி விற்றும் வந்தார்கள்.

சாயர் 1980-ல் காலமானார். இன்று கிரேலிங் மீனுக்கும் நல்ல காலம். விரோதி என்று யாரும் அதைக் கொல்லத் துடிப்பதில்லை. ட்ரவுட் பிடிக்கத் தடையுள்ள குளிர் மாதங்களில் அதைத் தேடிப் போகிறார்கள். பிடித்தபின் பலர் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள்.

சாயரின் செம்புப் பூச்சி இன்று உலகெங்கும் மீன் பிடிப்பவர்களின் பெட்டியில் இருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த பட்டும் வேண்டியிருக்கவில்லை; அபூர்வ இறகும் வேண்டியிருக்கவில்லை. பூச்சி காலை மடக்குவதைப் பொறுமையாகப் பார்த்த இரண்டு கண்கள் போதுமானதாக இருந்தன.