இரட்டைச் சூரியோதயப் பயணம்

இரு விமான நிலையங்களுக்கிடையேயுள்ள தூரம் மாறாதது. அதனைக் கடக்கும் காலமோ வேகத்தாலும் காற்றாலும் வேறுபடுவது. இவ்வுண்மையை விளக்கப் பேர்த்–கொக்கல வான்வழி தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாகவே, அவுஸ்திரேலியாவை இங்கிலாந்துடன் இணைத்த வான்வழி துண்டிக்கப்பட்டது. அதனை மீண்டும் இணைக்கும்பொருட்டு, 1943 ஆம் ஆண்டில் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து காலிக்கு அணித்தான கொக்கல வாவிக்குக் கற்றலீனா என்னும் நீர்விமானங்களைச் செலுத்தலாயிற்று.

பூமி கோளவடிவினதாதலின், அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கிடையேயுள்ள மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லாகும். இவ்விரு நிலையங்களும் பூமியின் மையத்தில் ஏறத்தாழ 51 பாகைக் கோணத்தை அமைக்கின்றன. பாகையொன்றுக்கு 111 கிலோமீற்றராகக் கொள்ளின், தூரம் ஏறக்குறைய 5,660 கிலோமீற்றராகும்.

மணிக்கு 200 கிலோமீற்றர் செல்லும் விமானத்துக்கு இதனைக் கடக்க 28 மணி நேரம் வேண்டும். 20 கிலோமீற்றர் வேகமுடைய காற்று எதிர்த்து வீசின் 31 மணிக்கு மேலாகும். அதுவே பின்னின்று வீசின் 26 மணிக்குக் குறையும். எரிபொருளின் பாரங் கருதிப் பயணிகள் மூவருக்கு மேல் ஏற்றப்படவில்லை. பகைவர் அறியாவண்ணம் வானொலி மௌனங் காத்து, விண்மீன்களை நோக்கியே விமானிகள் வழியறிந்தனர். ஒரே பயணத்தில் ஞாயிறு இருமுறை எழக் கண்டமையால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்னும் பெயர் வழங்கிற்று. 1945 வரை 271 முறை இந்துசமுத்திரம் இவ்வாறு கடக்கப்பட்டது.

இன்றைய தாரை விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் இத்தூரத்தை ஏழு மணிக்குள் கடக்கவல்லது. தூரம் அன்றும் இன்றும் ஒன்றே, காலமே சுருங்கியது.