முறையிடுவதும் விசுவாசம்தான்

கிறிஸ்தவ வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "விசுவாசமா இருங்க, எல்லாம் சரியாயிரும்." என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸுக்காகப் பாளையங்கோட்டைக்கு அலைந்த நாட்களில் அதை நிறையக் கேட்டேன். சரியாகவில்லை, அவர் போய்விட்டார். "ஜெபத்துல குறை வச்சுட்டீங்களோ?" என்று துக்க வீட்டிலேயே ஒருவர் கேட்டார்.

ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். அந்தக் கேள்விக்கு வேதாகமத்திலேயே பதில் தேடினேன்.

சங்கீதப் புத்தகத்தில் 150 பாடல்கள். நாம் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் 23ஐயும் 91ஐயும்தான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடுமாக இருக்கிறது. 13ஆம் சங்கீதம், இன்னும் எவ்வளவு காலம் என்று கர்த்தரை நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அது வந்து நான் பார்த்ததில்லை. இயேசுவும் சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கும் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைத்தான் சொல்லிக் கதறினார். மத்தேயுவும் மாற்குவும் அதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

யோபுவின் கதை இன்னும் தெளிவு. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவரிடம் மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாய் திறந்ததும், நீ செய்த பாவம்தான் காரணம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்களிடம். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்றார். அத்தனை அதிகாரங்களில் கடவுளோடு வழக்காடிய அதே யோபு!

எங்கள் பக்கத்து டோனாவூரில் அநாதரவான குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931இல் ஒரு குழியில் விழுந்து காயப்பட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவர் ஜெபிக்காத நாளா? குணமாகவில்லை. நோயாளிகளுக்கான ஆறுதல் புத்தகங்களைச் சுகமாக இருப்பவர்களே எழுதுகிறார்கள் என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் படுக்கையிலிருந்தே, வலியோடு இருப்பவர்களுக்கென்று தானே எழுதினார்.

கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டால், நோய் தீராத ஒவ்வொருவரும் தோற்றவர் ஆகிவிடுவார். வேதாகமம் காட்டும் விசுவாசம் வேறு. கோபமோ கண்ணீரோ, அதைக் கடவுளிடமே கொண்டுபோவது. பதில் வராதபோதும் அவரை விட்டு விலகாமல் இருப்பது. 88ஆம் சங்கீதம் பாடியவர் இருட்டில் நின்றுகூட அவரைத்தானே கூப்பிட்டார்?

ஆகவே, அடுத்த முறை துக்க வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணம் சொல்லாதீர்கள், அங்கே இருப்பவர்களின் விசுவாசத்தை அளக்காதீர்கள். ஃப்ளாஸ்கில் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். இரவு துணைக்கு இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருங்கள். அவர்கள் அழுதால் அழவிடுங்கள். கடவுளைக் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். அதுவும் ஜெபம்தான்.