உலாவியின் புதுப்பிப்புகள்: நிறுத்துவதா, நெறிப்படுத்துவதா?

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் சில விமானக் கம்பெனிகளின் கணினிகள் இயங்காமற் போகவே, பிரயாணிகளைப் பதிவு செய்யும் வேலையை ஊழியர்கள் கையாலேயே செய்ய நேர்ந்தது. உலகின் வேறு பல நகரங்களிலும் அன்று இவ்வாறே நிகழ்ந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் பாதுகாப்பு மென்பொருளுக்காக அனுப்பிய புதுப்பிப்புக் கோப்பு ஒன்றில் இருந்த பிழையே இதற்குக் காரணம். இந்திய நேரப்படி காலை 9-39 மணிக்கு வெளியான அக்கோப்பு 10-57 மணிக்கே திருத்தப்பட்டுவிட்டது. எனினும், அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றுள் மிகப் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரி செய்ய வேண்டியதாயிற்று.

இச்செய்தியைப் படித்தவர்களுக்கு, தானாக வரும் புதுப்பிப்புகளை அடைத்து வைப்பதே நலம் என்று தோன்றுவது இயல்பே. பள்ளிக் கணினி அறையின் பொறுப்பை ஏற்றுள்ள ஆசிரியருக்கும், கிராமந்தோறும் சென்று படிவங்களைப் பதிவேற்றும் களப் பணியாளருக்கும் வேறு காரணங்களும் உண்டு. இணைப்பு மெதுவானது, தரவு அளவோடு கிடைப்பது, பரீட்சை நடுவே குறுக்கீடு நேர்ந்தால் விடை சொல்ல வேண்டியவர் அவரே. ஆயினும், பிரவுசர் எனப்படும் உலாவியைப் பொறுத்தமட்டில் அம்முடிவு தவறானது.

முன்பின் அறியாதோர் எழுதிய நிரல்களைப் பக்கந்தோறும் பெற்று, நம் கணினியிலேயே இயக்குவது உலாவியின் தொழில். அதில் ஓர் ஓட்டை இருப்பின் ஒரு பக்கத்தைத் திறப்பதே கேட்டுக்குப் போதுமானதாகலாம். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் மூல நிரலை எவரும் படிக்கலாம். ஓட்டை அடைக்கப்பட்டதும், பழைய நிரலையும் புதியதையும் ஒப்பிட்டு அது எங்கிருந்தது என்பதைத் திருடனும் கண்டுகொள்ளக்கூடும். ஆகவே, திருத்தம் வெளிவந்த பின்னர்ப் பழைய பதிப்பை வைத்திருப்பவரின் அபாயம் முன்னிலும் அதிகமாகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கும் பொருட்டே, 2023 ஆகஸ்டு முதல் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் அனுப்பக் கூகுள் முடிவு செய்தது.

நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஒரு தளம் தன்னை இன்னார் என்று மெய்ப்பிக்கக் காட்டும் முத்திரைக்குச் சான்றிதழ் என்று பெயர். 2014-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, தன் பெயரில் தன் அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் அறிந்தது. அவற்றை வழங்கியது நம் தேசியத் தகவலியல் மையம். அம்மையத்தின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் அந்நியர் புகுந்துவிட்டதே காரணம் எனப் பின்னர்க் கூறப்பட்டது. இத்தகைய போலி முத்திரை கையிலிருப்பவன், இணைப்பின் இடையே நின்று உண்மைத் தளம்போல் நடிக்கலாம். கடவுச்சொல்லைக் கொடுப்பவருக்கு எச்சரிக்கை ஏதும் தோன்றாது.

சான்றளிப்போரைக் கட்டுப்படுத்தும் மத்திய அலுவலகம் மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. ஆனால், ரத்து செய்த செய்தி வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள கணினிகளுக்கு எட்ட வேண்டுமே! தள்ளுபடியான சான்றிதழ்களின் சிறு பட்டியலைக் குரோம் தானியங்கி வழியாக விரைவில் பெற்றது. மைக்ரோசாப்ட் தன் பட்டியலை ஜூலை 10-ஆம் தேதி அனுப்பியது. பயர்பாக்ஸ் தனக்கென வேறொரு நம்பிக்கைப் பட்டியல் வைத்திருந்ததால் பாதிக்கப்படவில்லை. கூகுள் தளங்களுக்குரிய சாவிகளைக் குரோம் முன்பே அறிந்திருந்தபடியால் அத்தளங்களளவில் போலியை அது ஏற்றிராது. பிற தளங்களுக்கு அந்த உறுதி இல்லை. புதுப்பிப்பை அடைத்து வைத்திருந்த கணினியில் அப்போலி மெய்யாகவே தோன்றியிருக்கக்கூடும்.

இதே பெங்களூருவில் உள்ள சி-டாக் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் மத்திய அரசு 2023 ஆகஸ்டில் இந்திய உலாவிக்கான போட்டி ஒன்றை அறிவித்தது. நம் நாட்டுச் சான்றளிப்பு வேரை உலாவி தானே நம்ப வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2025 மார்ச்சில் முதற் பரிசு பெற்றது ஜோஹோ கம்பெனி. அதன் உலாவி ‘உலா’ என்னும் அழகிய தமிழ்ப் பெயர் தாங்கியது. அதுவும் குரோமியத்தின்மீது எழுந்ததே. ஆகவே அங்கு வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் பின்தொடர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பரிசு பெறுவதினும் கடினமான வேலை இதுவென்பது என் எண்ணம்.

இனி, கணினி அறையில் செய்யத்தக்கவை. புதுப்பிப்பு இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது: கோப்பு பின்னணியில் இறங்குகிறது, உலாவியை மூடித் திறக்கும்போதே அது செயற்படுகிறது. வாரக்கணக்கில் மூடாமல் கணினியைத் துயில வைப்பவர்களிடம் இரண்டாம் கட்டம் நிகழ்வதே இல்லை. மாலையில் அறையைப் பூட்டுமுன் உலாவிகளை மூடும் வழக்கமே இதற்குப் போதும். குரோமில் மூன்று புள்ளிப் பட்டியலின் உதவிப் பகுதியில் உள்ள ‘குரோம் பற்றி’ என்னும் பக்கத்தைத் திறந்தால் புதிய பதிப்பு உண்டா என்பது உடனே தெரியும். பயர்பாக்ஸின் அமைப்புகளில், தானாக நிறுவுவதா, கேட்ட பின்னர் நிறுவுவதா என்று தேர்ந்துகொள்ள வசதியுண்டு. தரவு குறைந்த இடத்தில் இரண்டாவதை ஏற்கலாம்; கேட்டபோதெல்லாம் ‘பிறகு’ என்று சொல்வதாயின் அது புதுப்பிப்பை அடைப்பதேயாகும். பரீட்சை நடக்கும் அறைகளில், குரோமின் நிர்வாகக் கொள்கை வாயிலாக நாள்தோறும் குறித்த நேரம் தொடங்கி 16 மணி நேரம் வரை புதுப்பிப்புச் சோதனையை நிறுத்தி வைக்கலாம். மேலும், குரோமும் பயர்பாக்ஸும் புதிய பதிப்பை முதலில் சிறு பகுதியினருக்கு அனுப்பிப் பார்த்தே பிறருக்கு விரிக்கின்றன. ஜூலை 19-இல் பிழையான கோப்பு இவ்வாறு படிப்படியாக அனுப்பப்படவில்லை.

ஒரு தளத்தைப் படிக்கையில் அப்பக்கத்திற்குள்ளேயே ‘உங்கள் உலாவி பழையது, இதை இறக்குக’ என்று தோன்றும் அறிவிப்பைத் தொடலாகாது. புதுப்பிப்பை உலாவியின் சொந்தப் பட்டியலில் மட்டுமே தேட வேண்டும் என்பதை மாணவர்களுக்குக் காட்டிக் கொடுத்தல் நன்று.

பழைய கணினிகளின் நிலை வேறு. விண்டோஸ் 7-இல் குரோமின் 109-ஆம் பதிப்பே இறுதியானது. 2023 பிப்ரவரிக்குப் பின் வந்த பதிப்புகள் அதில் இயங்கா. பயர்பாக்ஸ், 115-ஆம் பதிப்பின் நீடித்த ஆதரவுக் கிளையைக் கொண்டு அக்கணினிகளுக்குத் தவணை மேல் தவணையாகத் திருத்தம் அளித்தது. நிரந்தர ஏற்பாடாக அது வகுக்கப்படவில்லை. அத்தகைய கணினியில் லினக்ஸ் வகைகளுள் ஒன்றை நிறுவி, அதன் வழியே உலாவியையும் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கும் இடமில்லையெனில், தட்டச்சுப் பயிற்சிக்கும் வரைகலைக்கும் அதனை வைத்துக்கொண்டு, இணையக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். வங்கிக் கணக்கையோ மாணவர் பதிவேட்டையோ அதில் திறத்தல் கூடாது.