மோனமும் மலர்வனமும்

மோனம் காட்டிலன்றிக் கைகூடாது என்பாரும், காடும் மலையும் மாயையின் காரியமாதலின் அவற்றால் ஆவதொன்றில்லை என்பாரும் சைவருள் உளர். இருவர் கூற்றும் சித்தாந்தத்திற்கு முற்றும் பொருந்தா.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. சந்தையைச் சார்ந்த உயிர் அதன் ஆரவாரமாகவே நிற்கும். வைகறையில் ஆற்றங்கரையைச் சார்ந்த உயிர் அவ்வமைதியிற் சிறிது தோயும். அச்சிறிதும் இகழத்தக்கதன்று. தனு கரண புவன போகங்களை இறைவன் அளித்தது ஆணவ இருளிடையே உயிர்க்குச் சிறிது விளக்கம் உண்டாதற்பொருட்டேயாம். விடியுமளவும் விளக்குப்போல மாயை உதவுமென உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அருளிய உவமையை ஈண்டு நினைக. ஆறும் மரமும் அவ்விளக்கின் கூறுகளே.

ஆயினும், பலர் இடறுமிடம் ஒன்றுண்டு. மரநிழலில் ஐம்பொறியும் ஓய்ந்து நினைவின்றி இருத்தலையே மோனமென மயங்குதல் எளிது. கருவிகள் ஓய்ந்தவழி உயிரை ஆணவம் மூடுமாயின், அது கேவலமேயன்றிச் சுத்தமாகாது. உறங்குவானும் பேசாதிருக்கின்றான், அவனை மோனியென்பார் யார்? வேறுபாடு எவ்வாறு அறியப்படுமெனின், வீடு திரும்பியபின் யான் எனதென்னும் முனைப்புத் தேய்ந்ததா என்பது கொண்டு அறியப்படும். மனையாளிடத்தும் ஏவலரிடத்தும் சினந்தணியாதவன் கரையிற் கண்டது வெறும் இளைப்பாறுதலே.

தாயுமான சுவாமிகள், 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் திருச்சிராப்பள்ளியில் அரசாங்கக் கணக்கலுவல் பார்த்தவர் என்பது வழிவழி வழங்கும் வரலாறு. அவருக்கு மௌனகுரு உபதேசித்தது சும்மா இருத்தலை. உடனே துறந்து வருகவென அக்குரவர் பணித்திலர். இல்லறத்திருந்து காலம் நோக்குமாறே பணித்தனர் என்ப. அலுவலும் குடும்பமும் மோனத்திற்குப் பகையாயின் அவ்வாறு பணித்தல் கூடுமோ?

நாடோறும் எய்தக்கூடிய வனம் நந்தவனம். கருவூரிலே சிவகாமியாண்டார் வைகறையில் நீராடி, வாயைக் கட்டிக்கொண்டு மலர்கொய்தமையைப் பெரியபுராணம் உரைக்கின்றது. வாய் கட்டுதல் மலரின் தூய்மைக்காக ஏற்பட்ட விதி. எனினும், அப்பொழுதில் நாவும் ஓய்கின்றது, கையோ தொண்டில் நிற்கின்றது. கேவலத்திற்கு அங்கே இடமில்லை. அன்பு தொழிற்படுதலின் உறக்கமும் இல்லை. தாயுமானவரோ கருணாகரக் கடவுளைப் பாடுமிடத்து, பனிமலரினுள்ளும் இறைவனையே கண்டு, அதனைப் பறிக்க மனம் பொருந்தாத நிலையை விண்ணப்பிக்கின்றார். வாய் கட்டிக் கொய்தவர் கையும், கொய்யாது நின்றவர் கையும் ஒரு மலரின் முன்னேதான் அடங்கின.